வழிவிட்ட மிருகம்

அந்தப் படம் மோசமான படம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். மோசம்தான். கொட்டாவி விட்டுவிட்டே தாடை கழன்றுபோகிற அளவுக்கு மோசம். ஆனால் அதில் வருகிற மிருகத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் மட்டும் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும். அந்த மிருகத்துக்குள் இருந்தவர் என் சித்தப்பா. மிருகத்தைத் தைத்தவள் என் சித்தி.

சித்தப்பா லிஃப்ட் ஓட்டினார். பொத்தானை அழுத்திவிட்டுப் போனில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற இந்தக் காலத்து லிஃப்ட் இல்லை. பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றில், இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். கதவை இழுத்தால் மடிந்துகொண்டு போகும், கையை எடுத்தால் திரும்பி வந்து அறையும். உள்ளே ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பித் திருப்பி, மாடியின் தரையும் லிஃப்டின் தரையும் ஒரே மட்டத்துக்கு வரும்படி நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நின்றால் இறங்குகிறவர் தடுக்கி விழுவார். அதனால் ஒவ்வொரு மாடியிலும் சித்தப்பா கதவை இழுத்து, அது யார் மேலும் அறையாதபடி இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, தலையை லேசாகச் சாய்த்து, "பாத்துப் போங்க" என்பார். பல் டாக்டரிடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும் அதேதான், கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் அதேதான். மூன்றாவது மாடியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கும் அதேதான். அந்த வேலையை வாங்கித் தந்தவரே அவர்தான். ஆனாலும் லிஃப்டுக்குள் ஒரு நாளாவது என்னைச் சொந்தக்காரியாகப் பார்த்தது கிடையாது. "மூணாவது மாடி. பாத்துப் போங்க." அவ்வளவுதான். அண்ணன் மகளுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிற ஒரே சித்தப்பா உலகத்திலேயே எனக்குத்தான் இருந்திருப்பார்.

ஆள் நல்ல உயரம். லிஃப்டின் கூரை தலையில் இடிக்கும் என்று குனிந்து குனிந்து, வெளியே வந்தாலும் அந்தக் கூனல் போகவில்லை. கட்டடத்தில் அவருக்குப் பெயர் நெட்டை. கதவு பிடிக்கிற பழக்கமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. எந்த வாசலைக் கண்டாலும் கை தானாகப் போய்விடும். எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் நுழைவார். தன் கல்யாணத்தன்றே மண்டபத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளையைக் காணவில்லை என்று ஒரே களேபரம். தேடிப் போனவர்களுக்கும் அவர்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சித்தி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர் மானத்தை வாங்குவாள்.

சித்தி கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் வேலை செய்தாள். ரெக்ஸினையும் ஸ்பாஞ்சையும் பெரிய மெஷினில் கொடுத்து அடித்தாளென்றால் தையல் ஆயுசுக்கும் பிரியாது. வாயும் அப்படித்தான். கடை முதலாளியே அவளிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு முறை யோசித்துக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்குப் பேய்ப் படம் என்றால் மட்டும் குலை நடுங்கும். வீட்டில் பல்லி விழுந்தால் துடைப்பத்தை எடுப்பாள். திரையில் நிழல் அசைந்தால் போதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவரின் தோளில் முகத்தைப் புதைத்துவிடுவாள்.

அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடிக்கு ஒரு சினிமாக் கம்பெனி குடிவந்தது. கம்பெனி என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். டைரக்டர் ஒல்லியான ஆள், எப்போதும் ஜலதோஷம். பாழடைந்த மில்லில் ஒரு மிருகம் புகுந்துகொண்டு ஆட்களைப் பிடித்துத் தின்கிற கதையை எடுக்கப்போகிறாராம். படத்துக்குப் பெயர் 'பாழ்மில் பயங்கரம்'. தினமும் லிஃப்டில் மேலே போகும்போது சித்தப்பாவை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டார். இவ்வளவு உயரமான ஆள் கிடைக்காமல்தான் திண்டாடிக்கொண்டிருந்தாராம். சித்தப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாது என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். வீட்டுக்காரி நன்றாகத் தைப்பாள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சித்தி வீட்டில் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். கத்திவிட்டு அளவு நாடாவை எடுத்தாள். கடையில் மிச்சம் விழுந்த பச்சை ரெக்ஸின், பழுப்பு ரெக்ஸின் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு, உள்ளே சீட் ஸ்பாஞ்சு வைத்து, முதுகில் பெட்டிக்குப் போடுகிற ஜிப்பை வைத்துத் தைத்தாள். கண்ணுக்கு ஸ்கூட்டர் விளக்கின் ஆரஞ்சு மூடி. நகத்துக்கு பிளாஸ்டிக் கரண்டிகளின் காம்பு. வாலுக்குள் பழந்துணி. சும்மா சொல்லக்கூடாது, பார்த்தால் தவளையா முதலையா என்று தெரியாவிட்டாலும் எதுவோ ஒன்று என்று தெரிந்தது. ஒரே குறை, நடந்தால் புதுச் செருப்பு மாதிரி கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. அதற்காக உள்ளே பவுடரைக் கொட்டினார்கள். இன்னொரு விஷயம், ஆரஞ்சுக் கண் வழியாக எதுவும் தெரியாது. வாய் வழியாகத்தான் கொஞ்சம் வெளிச்சம் வரும். சித்தப்பா சத்தத்தை வைத்தும் கையால் தடவியும்தான் நடக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. மற்ற நாளில் அவர் போனால் பல் டாக்டரின் நோயாளிகள் படியேற வேண்டுமே என்று லீவு போடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் அவரை வைத்து ஒரே ஒரு காட்சிதான் எடுத்தார்கள். மீதிக்கெல்லாம் ஒரு சினிமாச் சண்டைக்காரர் அந்த உறையைப் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் காட்சி இதுதான்: மில்லின் வாசலில் மிருகம் ஒளிந்திருக்கும். கதாநாயகி தலைதெறிக்க ஓடிவருவாள். மிருகம் கதவை மறித்துக்கொண்டு நிற்க, அவள் வீறிட்டு மயங்கி விழ வேண்டும். நானும் சித்தியும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். சித்தி, தான் தைத்த உறைதான், உள்ளே இருப்பவர் தன் புருஷன்தான் என்று தெரிந்தும், அது எழுந்து நின்ற உடனே அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

அந்த மில்லின் வாசலில் இருந்தது ஓர் இரும்புக் கம்பிக் கதவு. இழுத்தால் மடிகிற கதவு. சித்தப்பாவுக்குக் கண் தெரியவில்லை, கை மட்டும் கம்பியில் பட்டது. காதில் யாரோ அவசரமாக ஓடிவருகிற சத்தம். அவ்வளவுதான். மிருகம் கதவை இழுத்தது. இடது கையால் பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்று தலையைச் சாய்த்தது. கதாநாயகியாக நடித்த பெண்ணும் தினமும் நான்காவது மாடிக்கு லிஃப்டில் போய்வருகிறவள்தானே. அவளும் பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை எடுக்கலாமென்றால் பிலிம் தீர்ந்துவிட்டது, அன்றோடு மில்லையும் காலி செய்தாக வேண்டும். எடுத்தது எடுத்ததுதான்.

படம் வந்த அன்றைக்குக் கட்டடமே தியேட்டரில் இருந்தது. சித்தப்பா வரிசையின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் நான், எனக்கு அந்தப் பக்கம் சித்தி. படம் ஜவ்வாக இழுத்தது. மிருகத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு நிழல், ஒரு வால், இருட்டில் ஒரு நகம். காட்டிய பிறகோ காட்டாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. சண்டைக்காரர் குட்டையான ஆள். சித்தப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த உறை அவருக்கு முட்டியில் மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. கதாநாயகன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மிருகத்திலிருந்து குப்பென்று பவுடர் பறந்தது. பின்வரிசையில் ஒருவர் தும்மிக் காட்டினார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அப்புறம் அந்தக் கதவு. மிருகம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உடனே தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நெட்டை, நெட்டை என்று எங்கள் கட்டடத்துக்காரர்களே கத்தினார்கள். சித்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போயிடுச்சா, போயிடுச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது திரையில் வேறு என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் நாற்காலிக்குள் எங்கே போனாரென்றே தெரியவில்லை.

அன்று அவர்கள் வீட்டில்தான் நானும் சாப்பிட்டேன். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சித்தியிடம் கேட்டார்.

"நீ பாத்தியா? கதவு கிட்ட நான் வந்தது."

"பாத்தேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"அவங்களுக்கு என்ன தெரியும்? நல்லாத்தான் இருந்துச்சுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு உண்மை தெரியும். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை, குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, தனியாக அந்தப் படத்துக்குப் போனாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல், அவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது சிங்கத்தின் வாயில் தலையைக் கொடுத்த மாதிரி. ஆனால் அந்தக் காட்சி வரவே இல்லை. ஜனங்கள் சிரித்ததைக் கேள்விப்பட்டுத் தயாரிப்பாளர் ஒரே இரவில் அதை வெட்டச் சொல்லிவிட்டாராம். சித்தி வெளியே வந்து தியேட்டர் மேனேஜரைப் பிடித்து உலுக்கிவிட்டு, நேராக என் ஆபீஸுக்கு வந்தாள். கீழே லிஃப்டில் சித்தப்பா அவளையும், "பாத்துப் போங்க" என்று மேலே அனுப்பியிருக்கிறார். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சாயங்காலத்துக்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். படம் அந்த வாரமே தியேட்டரைவிட்டு ஓடிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம். சித்தப்பா அந்தக் காட்சியைப் பற்றி எப்போதாவது பேசுவார். கட்டடத்தில் யாராவது கிண்டல் செய்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஊரே சிரிக்கட்டும், உங்க சித்தி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டா" என்று என்னிடம் பெருமையடித்துக்கொள்வார். அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுமுறை நாட்களில் நான் போவேன், மூன்று பேரும் சீட்டாடுவோம், சித்தி கள்ளாட்டம் ஆடுவாள், சித்தப்பா தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை. இருந்திருந்தால் சொல்லிவிடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். போட்டோ எடுக்கிறவர்களுக்கு அவர் உயரம் எப்போதும் தகராறு. பாதிப் படங்களில் தலை இருக்காது, மீதிப் படங்களில் ஏதாவது ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார். ஒரு படத்தில் மட்டும் முகம் சரியாக விழுந்திருந்தது. அதைச் சித்தி பெரிதாக்கி மாட்டினாள். சில வருடங்கள் கழித்து ஒரு நாள், அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மூஞ்சி இருக்குடி. நடைதான் மறந்துபோச்சு. எப்படி நடப்பாரு, எப்படி நிப்பாரு, யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது."

அசைகிற சித்தப்பா இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தார். அதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

போன மாதம் ஆபீஸில் கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். யாரோ ஒருவர் பழைய குப்பைப் படங்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் போடுகிறாராம். 'பயப்படாமல் பார்க்கலாம்' என்று தலைப்பு வேறு. பட்டியலில் 'பாழ்மில் பயங்கரம்' இருந்தது. எந்தப் பிரதியோ, வெட்டியதோ வெட்டாததோ, யாருக்குத் தெரியும்? சித்திக்குப் போன் போட்டேன். முதலில் நான் பார்த்துவிட்டு, அந்தக் காட்சி இருந்தால் சொல்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ தொடாத. இருந்தா சேந்து பாப்போம். இல்லேன்னா, நீ பக்கத்துல இருக்கும்போதே இல்லேன்னு தெரிஞ்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு, தலைசீவி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தியேட்டருக்குக் கிளம்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேகமாக ஓட்டி அந்தக் காட்சிக்குப் போகலாம் என்றதற்கு முறைத்தாள். ராத்திரியும் பகலுமாகத் தைத்தவள் அவள், ஒவ்வொரு தையலையும் பார்த்தே ஆகவேண்டுமாம்.

போனை முன்னால் நிறுத்திவைத்துப் போட்டேன். படம் அன்றைக்கு இழுத்ததைவிட இன்றைக்கு அதிகமாக இழுத்தது. கதாநாயகன் மில்லைச் சுற்றி நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். மிருகத்தின் வால் வந்த உடனே சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயது இவ்வளவு ஆகியும் பயம் போகவில்லை. குட்டைச் சண்டைக்காரர் வந்தபோது மட்டும் விரலிடுக்கு வழியாகப் பார்த்து, இது அவர் இல்லை, முட்டியில் சரிகிறது பார் என்று சலித்துக்கொண்டாள். பவுடர் பறந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பாட்டு ஒன்று வந்து முடிந்தது. அடுத்தது அந்த இடம்தான். கதாநாயகி மில்லை நோக்கி ஓடினாள். சடக்கென்று திரை வெளுத்தது, கோடு கோடாக ஓடியது. ஒட்டுப்போட்ட இடம். வெட்டியதுதான் என்று நினைத்தேன். சித்தியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கோடுகள் மறைந்தன. ஓர் இரும்புக் கதவு தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண்கள்.

சித்தி வீலென்று கத்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சித்தி. சித்தப்பா."

"போயிடுச்சா?"

"ஐயோ, சித்தப்பா வந்து போயிட்டாரு. மறுபடியும் கோட்டை விட்டுட்டீங்களே."

நல்லவேளை, இது தியேட்டர் இல்லை. பின்னால் ஓட்டினேன். அவள் கையிரண்டையும் என் கைக்குள் பிடித்துக்கொண்டேன், முகத்துக்குப் போகவிடாமல். கதாநாயகி ஓடிவந்தாள். மிருகம் கம்பியைத் தடவியது. கதவை இழுத்தது. இடது கையால் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் வைத்து ஒதுங்கி, அந்தக் கூனலோடு தலையைச் சாய்த்து நின்றது. அவ்வளவு அவலட்சணமான தலை அது. அதற்குள் அவர் "பாத்துப் போங்க" என்று சொல்வது எனக்குக் கேட்டது. கதாநாயகியின் உதடு "தேங்க்ஸ்" என்று அசைந்தது. அவள் உள்ளே போன பிறகும் மிருகம் கதவை விடவில்லை. பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்தது. பிறகுதான் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, முட்டியை அகட்டி அகட்டி வைத்து, நடந்து போனது.

சித்தி ஆடாமல் அசையாமல் இருந்தாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது தரம் அவளே விரலால் நிறுத்தினாள். மிருகம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பாத்துட்டேங்க," என்றாள் அதனிடம். "நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, மீதிப் படத்தையும் போடு என்றாள். மீதியில் மிருகத்தைக் கொளுத்துவார்கள். அதை எப்படியாவது தவிர்க்கலாமென்று பார்த்தேன், அவள் விடவில்லை. கதாநாயகன் தீப்பந்தத்தை எறிந்தான். ரெக்ஸின் பற்றிக்கொண்டது. ஆரஞ்சுக் கண் ஒன்று உருகி வழிந்தது. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

"முடிஞ்சுதா சித்தி?"

"கண்ணைத் தொறடி பைத்தியம்," என்றாள் சித்தி. "அவரு அப்பவே வெளிய வந்துட்டாரு. இது வெறும் உறை."